ஆறு சட்டைகளும் ஒரு கையும்: திருப்பூரில் ஒரு ஞாயிறு கதை வகுப்பு

திருப்பூர் அவிநாசி சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெரு ஒன்றில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தம் வீட்டு மாடியில் சிறுவர்களுக்கான வாடகை நூலகம் நடத்தி வருகிறார். பெயர்ப்பலகை எதுவும் வைக்கவில்லை. அக்கம்பக்கத்தில் ‘டீச்சர் வீட்டு லைப்ரரி’ என்று கேட்டால் வழி சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே ஏழு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கதை வகுப்பு நடக்கிறது. கட்டணம் மாதம் 300 ரூபாய். அதே கட்டணத்தில் பிள்ளைகள் வாரம் இரண்டு புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். சனிக்கிழமை மாலை வாரச் சம்பளம் வாங்கி, மறுநாள் ஒருநாள் மட்டும் ஓய்வெடுக்கும் தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த இந்த ஊரில், ஞாயிறு காலையைத் தேர்ந்தெடுத்ததே பாதி வெற்றி என்பேன். இந்தக் கோடையில் தொடங்கிய சுற்றுக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள், தேவதைக் கதைகளில் அன்பு செய்யும் காரியம் என்ன என்பது. என் மகள் அதில் சேர்ந்தாள். பெற்றோர் விரும்பினால் பின்வரிசையில் உட்காரலாம் என்பதால் நானும் உட்கார்ந்து கேட்டேன்.

தேவதைக் கதையில் அன்பு என்றதும் நம் பிள்ளைகளின் மனத்தில் எழுவது ஒரு முத்தமும் அதையடுத்து ஒரு திருமணமும்தான். திரைப்படங்களும் பளபளப்பான படப் புத்தகங்களும் அப்படிப் பழக்கிவிட்டன. இந்த வகுப்பின் பெருஞ்சிறப்பு, அந்தப் பழக்கத்தை முதல் நாளிலேயே அசைத்துப் பார்த்ததுதான். ஜெர்மனியில் யாக்கோப், வில்ஹெல்ம் என்னும் கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட தொகுப்பின் முதல் கதை தவளை அரசன். அதை ஆசிரியை மூலத்தில் உள்ளபடியே சொன்னார். அங்கே இளவரசி தவளைக்கு முத்தம் கொடுப்பதில்லை. கோபத்தில் அதைத் தூக்கிச் சுவரில் எறிகிறாள், அப்போதுதான் அது இளவரசனாகிறது. பிள்ளைகள் முதலில் நம்ப மறுத்தார்கள். அந்தக் கதையில் உண்மையாக அன்பு வைத்தவன் வேறொருவன். தன் எசமான் தவளையாகிப்போன துக்கத்தில் நெஞ்சு வெடித்துவிடாதிருக்க மூன்று இரும்புப் பட்டைகளை மாட்டிக்கொண்ட ஹைன்ரிஹ் என்னும் ஊழியன் அவன். கடைசியில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது மகிழ்ச்சி தாங்காமல் அந்தப் பட்டைகள் ஒவ்வொன்றாகத் தெறிக்கின்றன. வண்டிதான் உடைகிறதென்று இளவரசன் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்துக் கேட்கிறான். ஆசிரியை இந்த இடத்தில் நிதானித்தார். கதையின் பெயரே ‘தவளை அரசன் அல்லது இரும்பு ஹைன்ரிஹ்’ என்று இரண்டு பேருக்கும் சமமாக அமைந்திருப்பதைப் பிள்ளைகளிடம் சொன்னபோது, ஊழியனைப் பற்றி இத்தனை நாளும் யாரும் தங்களுக்குச் சொல்லவில்லையே என்று அவர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

ஸ்நோ ஒயிட் கதையிலும் அப்படித்தான். கிரிம் தொகுப்பில் அவளை எழுப்புவது முத்தமன்று. கண்ணாடிப் பெட்டியைச் சுமந்து செல்லும் வேலையாட்கள் இடறியதில் தொண்டையில் சிக்கியிருந்த ஆப்பிள் துண்டு வெளியே வந்துவிடுகிறது. தூங்கும் அழகியின் கதையில் முத்தம் உண்டு. ஆனால் இளவரசன் வந்து சேரும் நாள் சாபத்தின் நூறு ஆண்டுகள் நிறைவடையும் நாள். அதற்கு முன் வந்தவர்கள் முள்வேலியில் சிக்கி மாண்டார்கள், இவனுக்கோ முட்களெல்லாம் பூவாகி வழிவிட்டன. இவற்றையெல்லாம் ஆசிரியை விரைவாகவே கடந்து சென்றார், அதுவும் சரிதான். முத்தத்தைக் கீழிறக்குவது அவர் நோக்கமாக இருக்கவில்லை. அதற்கு முன்னால் இருக்கும் காலத்தையும் உழைப்பையும் பிள்ளைகளின் கண்ணுக்குக் கொண்டுவருவதே நோக்கமாக இருந்தது. தேவதைக் கதைகளில் அன்புக்கு ஆற்றல் இருக்கிறது என்றால், அந்த ஆற்றல் பொறுத்திருப்பதிலும் நடந்தே செல்வதிலும் கொடுத்த வாக்கைக் காப்பதிலும் கைநோகச் செய்வதிலும் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கதை சொல்பவர் அந்தப் பகுதியில் அவசரப்பட்டால் முடிவில் வரும் அற்புதம் வெறும் மாயவித்தையாகச் சுருங்கிப்போகும். இந்த வகுப்பை நான் மதிப்பிடுவதும் அந்த ஓர் அளவுகோலைக் கொண்டே.

அந்த அளவுகோலில் இந்தச் சுற்றின் உச்சம் ‘ஆறு அன்னங்கள்’. மாற்றாந்தாய் மந்திரச் சட்டைகளை எறிந்து ஆறு இளவரசர்களை அன்னங்களாக்கிவிடுகிறாள். அவர்களை மீட்க வேண்டுமானால் தங்கை ஆறு ஆண்டுகள் பேசக்கூடாது, சிரிக்கவும் கூடாது. அதற்குள் நட்சத்திரப் பூக்களால் ஆறு சட்டைகள் தைத்து முடிக்க வேண்டும். ஒரு சொல் வாயிலிருந்து வந்தாலும் அத்தனையும் வீண். இந்த நிபந்தனையைச் சொல்லி முடித்ததும் ஆசிரியை கதையை நிறுத்திவிட்டார். பக்கத்துக் கூடையிலிருந்து வெள்ளைப் பனியன் துணிக் கட்பீஸ் ஒன்றையும் ஊசி நூலையும் எடுத்து, ஓரத்தை மடித்துத் தைக்க ஆரம்பித்தார். பேசவில்லை. பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு ‘டீச்சர், டீச்சர்’ என்று கூப்பிட்டார்கள். ஒருத்தி எழுந்து போய் அவர் தோளைத் தொட்டுப் பார்த்தாள். அவர் தலை நிமிரவில்லை. நூல் அறுந்தபோது பல்லால் முனையைக் கடித்து மறுபடி கோத்துக்கொண்டார். ஒரு பக்க ஓரம் முழுவதையும் தைத்து முடிக்கும்வரை அந்த மாடியில் மின்விசிறிச் சத்தம் மட்டுமே கேட்டது. அதன் பிறகு அவர், இளவரசியை ஓர் அரசன் மணந்ததையும், அவள் பெற்ற குழந்தைகளை மாமியார் ஒவ்வொன்றாகத் திருடி மறைத்து அவள் வாயில் ரத்தத்தைப் பூசிப் பழி சுமத்தியதையும், பேசினால் அந்தக் கணமே தப்பிக்கலாம் என்றிருந்தும் அவள் வாய் திறக்காமல் தைத்துக்கொண்டே இருந்ததையும் சொன்னபோது, அந்த மௌனத்தின் எடை எவ்வளவு என்று பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவளைத் தீயிட்டுக் கொல்லக் கொண்டுபோகும் நாளும் ஆறாம் ஆண்டின் கடைசி நாளும் ஒன்றாக அமைகின்றன. சட்டைகளைக் கையில் போட்டுக்கொண்டே அவள் சிதையில் ஏறுகிறாள். அன்னங்கள் பறந்து வருகின்றன, சட்டைகளை அவற்றின் மேல் எறிகிறாள், அண்ணன்மார் மனிதர்களாக நிற்கிறார்கள். ஆனால் கடைசிச் சட்டைக்கு இடது கை மட்டும் தைத்து முடியவில்லை. ஆகவே இளையவனுக்கு இடது கைக்குப் பதிலாக அன்னத்தின் சிறகு ஒன்று அப்படியே நின்றுவிடுகிறது. இந்த இடத்தில் நடந்த உரையாடலை என் நினைவில் உள்ளபடி எழுதுகிறேன். பனியன் கம்பெனியில் பவர் டேபிள் எனப்படும் தையல் எந்திரத்தில் வேலை செய்யும் தாயின் மகன் ஒருவன், முன்வரிசையில் இருந்தவன், உடனே கேட்டான்:

“ஏனுங் டீச்சர், ஒரு கை இல்லாட்டி அது ரிஜெக்ட் பீஸ் ஆயிப்போயிருமுங்களே?”

“ஆகாது கண்ணு. அவனுக்குன்னு தெச்சத அவன் வாங்கிப் போட்டுக்கிட்டான். போட்டுக்கிட்டதுக்கப்பறம் ரிஜெக்டுன்னு சொல்றதுக்கு யாரு இருக்கறா?”

“அப்ப அந்த றெக்கை?”

“அது அவங்கூடவே இருக்கும் சாமி. அவனப் பாக்கறவீங்களுக்கெல்லாம் அவன் தங்கச்சி எத்தன பாடுபட்டாள்ன்னு தெரியோணுமில்ல?”

திருப்பூரில் வளரும் பிள்ளைக்கு ஒரு சட்டை எத்தனை கைகளைக் கடந்து முழுமையாகிறது என்பது தெரியும். கட்டிங், ஓவர்லாக், ஃபிளாட்லாக், செக்கிங் என்னும் சொற்கள் வீட்டில் அன்றாடம் புழங்குகின்றன. ஒன்றரை ஷிப்ட் முடித்து வரும் அம்மாவின் விரல்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆறு ஆண்டுகளில் ஆறு சட்டை என்பது வேறோர் ஊரில் மாயக் கணக்காகத் தோன்றலாம். இங்கே பிள்ளைகள் அது ஏன் அவ்வளவு நாள் பிடித்தது, பூவைத் துணியாக்குவது எப்படி, யார் நூல் நூற்றுக் கொடுத்தார்கள் என்றெல்லாம் கேட்டார்கள். டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் 1838இல் எழுதிய வடிவத்தில் பதினோரு அண்ணன்மார்; அங்கே தங்கை காஞ்சொறிச் செடியை வெறுங்கையால் பறித்து, காலால் மிதித்து நாரெடுத்துச் சட்டை பின்னுகிறாள். இதையும் ஆசிரியை சேர்த்துச் சொன்னார். காஞ்சொறி பட்டால் எப்படி அரிக்கும் என்பதைத் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டக் குடிசையில், விடுமுறை கழித்த பிள்ளைகள் மற்றவர்களுக்கு விளக்கிச் சொன்னார்கள்.

அடுத்த வாரம் அவர் செய்தது, இந்தச் சுற்றின் மிகச் சிறந்த முடிவு என்று கருதுகிறேன். அன்னங்களின் கதைக்குப் பக்கத்தில் நம் அண்ணன்மார் கதையை வைத்தார். கொங்கு நாட்டில் உடுக்கடித்துப் பல இரவுகள் பாடப்படும் கதை அது. 1965இல் பிரெண்டா பெக் என்னும் ஆய்வாளர் இந்தப் பகுதியில் தங்கி அதை முழுவதுமாக ஒலிப்பதிவு செய்திருக்கிறார். பொன்னர், சங்கர் இருவரும் வீரப்பூர்க் காட்டில் மாண்டு கிடக்க, தங்கை அருக்காணித் தங்காள் அவர்களைத் தேடிக் காடெல்லாம் அலைந்து கண்டுபிடித்து, உயிர் கொடுத்து எழுப்புகிறாள். எழுந்த அண்ணன்மார் தங்கையுடன் பேசுகிறார்கள். பிறகு தங்கள் காலம் முடிந்துவிட்டதென்று சொல்லி மறுபடி உயிர் விடுகிறார்கள். உலக நாட்டுப்புறக் கதைகளை வகைப்படுத்தும் அட்டவணையில் 451ஆம் வகை, பறவைகளாகிவிட்ட அண்ணன்மாரைத் தேடிச் செல்லும் தங்கையின் கதைகளுக்கு உரியது. தங்காளின் கதை அந்த வகைக்குள் அடங்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தேடிச் செல்லும் அந்தக் கால்கள் இரண்டு கதைகளிலும் ஒரே உறுதியோடுதான் நடக்கின்றன. ஒருத்திக்கு அண்ணன்மார் திரும்பக் கிடைத்தார்கள், ஒருத்திக்குச் சில நாழிகைகள் மட்டுமே கிடைத்தன. அப்படியென்றால் தங்காளின் அன்புக்கு ஆற்றல் குறைவா என்று ஒரு பெண் கேட்டாள். ஆசிரியை பதில் சொல்லாமல் பிள்ளைகளையே பேசவிட்டார். எழுப்பியதே பெரிது என்று சிலரும், கிடைக்காவிட்டால் என்ன பயன் என்று சிலரும் நெடுநேரம் வாதிட்டார்கள். பெரியவர்கள் கூடிய இலக்கியக் கூட்டங்களில்கூட இவ்வளவு நேர்மையான வாதத்தை நான் அபூர்வமாகவே கேட்டிருக்கிறேன்.

‘அழகியும் மிருகமும்’ கதைக்கும் நல்ல நேரம் ஒதுக்கப்பட்டது. பிரான்சில் வில்னூவ் சீமாட்டி 1740இல் நீண்ட கதையாக எழுதியதை, இங்கிலாந்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து வாழ்ந்த போமோன் சீமாட்டி 1756இல் சுருக்கி எழுதினார். இன்று உலகம் அறிந்திருப்பது அந்தச் சுருக்கத்தைத்தான். தினமும் இரவு உணவின்போது மிருகம் தன்னை மணக்கச் சம்மதமா என்று கேட்கிறது. அவள் இல்லை என்கிறாள். அது பெருமூச்சு விட்டுப் போய்விடுகிறது, வற்புறுத்துவதில்லை. ஒரு பெண் மறுக்கும்போது அந்த மறுப்பை ஏற்றுக்கொண்டு எழுந்து போவதும் அன்பின் ஆற்றல்தான் என்பதை ஆசிரியை ஆண்பிள்ளைகளைப் பார்த்துத் தெளிவாகவே சொன்னார். என் மகள் அதைக் கேட்க நான் உடனிருந்ததில் எனக்கு மிகுந்த நிறைவு. அழகி தந்தையுடன் மிருகத்தின் மாளிகைக்குப் புறப்படும்போது அக்காமார் வெங்காயத்தைக் கண்ணில் தேய்த்துக்கொண்டு அழுவதாகப் பாசாங்கு செய்யும் இடத்தில் கூடமே சிரித்தது. பிறகு தந்தையைப் பார்க்க ஒரு வாரம் தவணை வாங்கி வீட்டுக்கு வரும் அழகி, நாள் கடந்தும் தங்கிவிடுகிறாள். திரும்பி ஓடும்போது மிருகம் சாகும் தறுவாயில் கிடக்கிறது. சொன்ன நாளில் திரும்பாததன் விலை அது என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள்.

கோபுரத்தில் அடைபட்ட ரபுன்ஸலின் கதையை எடுத்துக்கொண்டால், முள் குத்திப் பார்வையிழந்த இளவரசன் ஆண்டுக்கணக்கில் காட்டில் அலைந்து அவள் குரல் கேட்டு வந்து சேர, அவளுடைய கண்ணீர்த் துளிகள் இரண்டு அவன் கண்களில் விழுந்து பார்வை திரும்புகிறது. இதைச் சொல்லும்போதும் ஆசிரியை அலைந்த ஆண்டுகளைக் குறைக்கவில்லை; வேரையும் பழத்தையும் தின்று திரிந்தவனை முழுவதுமாகக் காட்டிய பிறகே கண்ணீருக்கு வந்தார்.

இவ்வளவு நேர்த்தியாகச் சொல்லத் தெரிந்தவர் ‘பனிராணி’ கதையை ஒரே காலையில் முடித்ததுதான் எனக்கு மிகுந்த வருத்தம். ஆண்டர்சன் 1844இல் வெளியிட்ட அந்தக் கதை ஏழு கதைகளாகப் பிரிந்தது. கண்ணிலும் நெஞ்சிலும் மாயக் கண்ணாடிச் சில்லுகள் புகுந்து மனம் மாறிப்போன கை என்னும் சிறுவனைத் தேடி, கெர்டா என்னும் சிறுமி வெறுங்காலோடு வடகோடிவரை போகிறாள். வழியில் ஒரு கிழவி அவள் தலையைச் சீவிவிட்டே அவனை மறக்கடிக்கிறாள். ரோஜாவைப் பார்த்தால் நினைவு வந்துவிடும் என்று தோட்டத்து ரோஜாக்களையெல்லாம் மண்ணுக்குள் மறைக்கிறாள். தொப்பியில் வரைந்திருந்த ரோஜாவை மறைக்க மட்டும் மறந்துவிடுகிறாள். இந்தப் பகுதி முழுவதும் வகுப்பில் விடுபட்டுப்போனது. அதைவிடப் பெரிய இழப்பு, பின்லாந்துக் கிழவியின் வீட்டில் கலைமான் கேட்கும் வேண்டுகோளும் அதற்குக் கிடைக்கும் பதிலும். இந்தச் சிறுமிக்குப் பன்னிரண்டு ஆண்களின் பலம் வரும்படி ஏதாவது கொடு என்று மான் கேட்கிறது. அவளிடம் ஏற்கெனவே இருப்பதைவிடப் பெரிய ஆற்றலை என்னால் தர இயலாது, மனிதர்களும் விலங்குகளும் அவளுக்கு உதவி செய்வதையும் வெறுங்காலோடு அவள் இவ்வளவு தூரம் வந்திருப்பதையும் நீ பார்க்கவில்லையா என்னும் பொருளில் கிழவி மறுமொழி சொல்கிறாள். இந்தச் சுற்றின் பொருளையே நேராகப் பேசும் இடம் அது. அதை விட்டுவிட்டு, கெர்டாவின் சூடான கண்ணீர் நெஞ்சில் இருந்த சில்லைக் கரைத்தது என்று நேரடியாக முடிவுக்குத் தாவியதால், பிள்ளைகளுக்கு அது கண்ணீரின் மந்திரமாக மட்டும் போய்ச் சேர்ந்தது. வகுப்பு முடிந்ததும் இதை ஆசிரியையிடம் சொன்னேன். நேரம் போதவில்லை என்றார். ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் இரண்டு ஞாயிறுகளுக்கு அதைப் பிரித்திருக்கலாம்.

இன்னொரு பெற்றோர், சிதையும் தீயும் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாமே என்று முறையிட்டதும், ஆசிரியை அதை மென்மையாக மறுத்ததும் என் முன்னால்தான் நடந்தது. ஆசிரியையின் பக்கமே நியாயம். தீ இல்லாவிட்டால் அன்னங்களின் தங்கை காத்த மௌனத்துக்கு விலையில்லை. அபாயத்தை எடுத்துவிட்டால் அன்பு செய்வதற்கு அங்கே வேலையே இல்லாமல் போய்விடும். அவர் தீயைச் சொன்ன விதத்திலும் பயமுறுத்தும் விவரணை எதுவும் இருக்கவில்லை.

வசதிகளைப் பொறுத்தவரை சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். மாடிக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பதினொரு மணிக்கு மேல் வெக்கை தாங்குவதில்லை, ஒரே ஒரு மின்விசிறி போதவும் இல்லை. படிக்கட்டு செங்குத்தாக இருப்பதால் தாத்தா பாட்டிகளை அழைத்துச் செல்வது சிரமம். ஏழு வயதுப் பிள்ளைகளையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைப்பதால் சிறியவர்களின் கேள்விகளுக்குப் பெரியவர்கள் பொறுமையிழக்கிறார்கள். படங்களைக் காட்டப் பயன்படுத்தும் புத்தகங்களில் சில, அவர் சொல்லும் கதைக்கு நேர்மாறாக முத்தக் காட்சியையே அட்டையில் தாங்கியிருக்கின்றன; அவற்றை மாற்றிவிடுவது நல்லது. நூலகச் சேகரிப்போ மிக நல்ல சேகரிப்பு. மாஸ்கோவில் அச்சாகி நியூ செஞ்சுரி புத்தக நிலையம் வழியாக வந்த பழைய சிறுவர் நூல்கள் பைண்டிங் செய்யப்பட்டுப் பத்திரமாக இருக்கின்றன. என் மகள் கதை வகுப்புக்கு இணையாக அவற்றையும் விரும்புகிறாள்.

சேர்க்கைக்கு நேரில் போக வேண்டும். ஆசிரியை பிள்ளையிடம் ஒரு கதை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்கிறார், யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. நடுவில் சேர்பவர்களுக்கு விடுபட்ட கதைகளைச் சொல்லும் பொறுப்பு மற்றப் பிள்ளைகளுடையது, அவர்களும் அதை ஆசையோடு செய்கிறார்கள். ஆண்டர்சன் 1837இல் எழுதிய கடற்கன்னியை இந்தச் சுற்றில் சேர்க்கவில்லை. இளவரசனைக் கொன்றால் தான் பிழைக்கலாம் என்றிருந்தும் கத்தியைக் கடலில் எறிந்துவிடும் அவளுடைய கதை இல்லாமல் அன்பின் ஆற்றலைப் பற்றிய தொடர் முழுமையடையாது என்று அவரிடம் வாதிட்டேன். அடுத்த சுற்றில் பத்து வயதுக்கு மேற்பட்டவர்களைத் தனிக் குழுவாகப் பிரிக்கப்போவதாகவும், அந்தக் குழுவுக்கு அதைச் சொல்வதாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்த வயதில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர் காலாண்டு விடுமுறைக்கு முன்பே பெயர் கொடுத்துவிடுவது நல்லது; மாடியில் இடம் குறைவு.